வலப்பக்கம் மட்டும்

2022 ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி காலை, மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் உள்ள செயின்ட் ஆன்செல்ம் என்ற ஊரில், ரெனால்டு லகாஸ் என்ற ஐம்பத்தொன்பது வயது விவசாயி தன் உருளைக்கிழங்குக் கிடங்கின் கதவைத் தூக்கியபோது, வலது அடிவயிற்றில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு புடைப்பு வெளியே தள்ளியது.

அவன் அதை உள்ளங்கையால் அழுத்தினான். உள்ளே போய்விட்டது. கதவை முழுதாகத் தூக்கி நிறுத்திவிட்டு, உள்ளே காற்றாடிகளை ஓடவிட்டுப் பார்த்தான். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடி வந்தது. அப்போதுதான் மனைவி கொரீனிடம் சொன்னான்.

"காட்டு."

"சாப்பிட்டு முடிக்கறேன்."

"காட்டுங்கறேன்ல."

அடுப்பில் ப்ளாய் என்னும் மாவுத்தோசை வெந்துகொண்டிருந்தது. மேல்பக்கம் துளைதுளையாகத் திறந்து, எடுக்க வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. கொரீன் அதை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"குடலிறக்கம். எங்கப்பாவுக்கு இருந்தது."

"உங்கப்பா பெல்ட்டு கட்டிக்கிட்டு இருபது வருஷம் ஓட்டினார்."

"எங்கப்பா செத்தது எதுலன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

கருகிய ப்ளாயை ரெனால்டே எடுத்து வெண்ணெய் தடவிச் சுருட்டினான்.

ஊர் மருத்துவமனையின் மருத்துவர் பார்த்துவிட்டு மூன்று விஷயம் சொன்னார். இது தானாகப் போகாது. பளு தூக்கும்போது குடல் வெளியே வந்து சிக்கிக்கொண்டால், ஆறு மணி நேரத்துக்குள் அறுக்க வேண்டியிருக்கும். இங்கே செவ்வாய்க்கிழமை தவிர மற்ற நாள்களில் அறுவை மருத்துவர் கிடையாது. ரெனால்டு ஒரு கேள்விதான் கேட்டான்: அறுவடை முடிந்து வரலாமா? அவர் தோளைக் குலுக்கினார். கொரீனும் ஒரு கேள்விதான் கேட்டாள்: என்ன விலை? அதற்கும் அவர் தோளைத்தான் குலுக்கினார்.

லகாஸ் குடும்பத்தில் விலை கேட்பது கொரீனின் வேலை. நூற்றிருபது ஏக்கர் கிழங்கு. அதில் பாதி, தெற்கே உள்ள வறுவல் தொழிற்சாலைக்கு ஒப்பந்தத்தில் போகும். ஒவ்வொரு மார்ச்சிலும் அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துக் கையெழுத்து வாங்குவது அவள்தான். கிழங்குக்கு ஒரு விலை. கல் கலந்தால் கழிவு, அடிபட்டிருந்தால் கழிவு, நடுவில் குழி விழுந்திருந்தால் கழிவு. 2009இல் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "தேவைக்கேற்பக் கூடுதல் சரக்கு" என்று ஒரு வரி இருந்தது. படிக்காமல் விட்டது ரெனால்டு. தொழிற்சாலை அந்த வரியைக் காட்டி மூன்று லாரிக் கிழங்கை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் விலை எழுதாத வரி எதிலும் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை.

மருத்துவமனைகள் தங்கள் விலைகளை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்து இரண்டாவது வருடம் அது. கொரீன் சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்து அந்தப் பட்டியலை இறக்கினாள். பதினோராயிரம் வரிகள். பாதி எழுத்துகளை விழுங்கிய பெயர்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கவாட்டில் ஒன்பது விலைகள்: யாரும் கொடுக்காத ஒரு பெரிய விலை, ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு விலை, கையில் பணம் கொடுப்பவனுக்கு ஒரு விலை. மூன்று நாள் தேடிக் குடலிறக்கத்துக்கு மட்டும் பதினான்கு வரிகள் கண்டுபிடித்தாள்.

"இங்க பாரு," என்றாள். "மொத்த விலை இருபத்து மூவாயிரத்து நானூத்தி எண்பது. நம்ம இன்சூரன்ஸ்காரன் பேசி வெச்ச விலை பதினாலாயிரத்து நூத்தி அறுபது. அதுல முதல் எட்டாயிரத்து ஐந்நூறு நம்ம கையிலேருந்து. அதுக்கு மேலதான் அவன் கொடுப்பான்."

"அப்போ எட்டாயிரத்து ஐந்நூறு."

"இரு. கார்டே காட்டாம, ரொக்கமா கொடுக்கறேன்னு போய் நின்னா, ஆஸ்பத்திரிக்கு ஐயாயிரத்து நூத்தி இருபது."

ரெனால்டு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தான். "மாசாமாசம் இன்சூரன்ஸ் கட்டறோமே, எதுக்கு?"

"அதுக்கு இந்தப் பட்டியல்ல வரி இல்ல."

ஞாயிற்றுக்கிழமை கொரீனின் ஒன்றுவிட்ட அண்ணன் லோரியே பாலத்தைத் தாண்டி வந்தான். பாலத்துக்கு அந்தப்புறம் கனடா. மேசையில் கோழிக்குழம்பும் ப்ளாயும் பன்றிக்கொழுப்பில் செய்த கிரெட்டோனும் இருந்தன. லோரியே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முட்டி மாற்றும் வரிசையில் பதினாலு மாதமாக நிற்கிறான்.

"அங்க என்ன விலை அண்ணே, முட்டி மாத்த?"

"விலையா?" லோரியே வாய்க்குக் கொண்டுபோன ப்ளாயை நிறுத்தினான். "தெரியாது."

"கேக்கவே இல்லியா?"

"அரசாங்கம் கட்டுது, யாருகிட்ட கேக்கறது? கேட்டா பைத்தியம்னு நினைப்பாங்க."

"உனக்கு விலை தெரியாது, நாள் தெரியாது," என்றான் ரெனால்டு. "எங்களுக்கு விலை தெரியும். ஒன்பது விலை தெரியும்."

"நீ நொண்டறதில்லையே மச்சான்."

"குடலைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், தெரியல?"

லோரியே சிரித்தான். கொரீன் சிரிக்கவில்லை. மருத்துவமனையின் ஐயாயிரத்து நூற்றிருபதில் அறுப்பவருக்கும் மயக்கம் கொடுப்பவருக்கும் உள்ள பணம் சேர்ந்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு இரவுகளாக அதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினாள். மூன்று மேசைகள் தாண்டி, விலை மதிப்பீடு போடும் பெண்ணிடம் இணைப்பு வந்தது.

"உங்க பேரு என்னங்க?"

"மர்லீன் ஷாசே."

"எந்த ஷாசே? யாரு பொண்ணு?"

"அடெலார் ஷாசே பொண்ணு. மேட்டுப் பாதையில."

"அட, அடெலார் பொண்ணா நீ! உங்கப்பாகிட்டதான் நாங்க விதைக்கிழங்கு வாங்கறோம். நான் கொரீன் லகாஸ்."

"ஐயோ, கொரீன் அக்காவா? சொல்லுங்க."

அதற்குப் பிறகு வேலை எளிதாயிற்று. மர்லீன் தனித்தனியாக விசாரித்து இரண்டு நாளில் கூப்பிட்டாள். மருத்துவமனைக்கு ஐயாயிரத்து நூற்றிருபது. அறுவை மருத்துவருக்கு ஆயிரத்து எண்பது. மயக்க மருத்துவருக்கு அறுநூற்று ஐம்பது. மொத்தம் ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பது.

"வயித்துக்குள்ள வெக்கற வலை?"

"சேர்ந்துதான் அக்கா."

"முன்னாடி எடுக்கற ரத்தப் பரிசோதனை?"

"அதுவும்."

"எழுதித் தா. வலப்பக்கக் குடலிறக்கம், ஒண்ணு, கேமரா வழியா, எல்லாம் உட்பட இவ்வளவுன்னு. வலப்பக்கம் மட்டும்னு போடு. வேற எதையும் உள்ள நுழைக்கற மாதிரி வரி இருக்கக் கூடாது."

"போட்டுடறேன். ஆனா அக்கா, செப்டம்பர் முப்பது வரைக்கும்தான் இந்த விலை. அக்டோபர் ஒண்ணுலேருந்து புது வருஷக் கணக்கு, பட்டியல் மாறும்."

"எவ்வளவு ஏறும்?"

"அது அவங்க பட்டியலைப் போட்டாத்தான் எனக்கே தெரியும்."

செப்டம்பர் முழுவதும் செவ்வாய்க்கிழமைகள் நிறைந்திருந்தன. ஒரே ஒரு இடம் இருந்தது: இருபத்தேழாம் தேதி. அறுவடையின் நட்டநடுவில்.

*

அந்தப் பக்கத்தில் அறுவடைக்காலத்தில் மழை பெய்தால்தான் மற்ற வேலை. பல் பிடுங்குவது, முடி வெட்டுவது, வண்டிக்கு உரிமம் புதுப்பிப்பது எல்லாம் மழைநாளில். மூன்று வாரத்துக்குப் பள்ளிக்கூடத்தைக்கூட மூடிவிடுவார்கள். தரை உறைவதற்குள் கிழங்கை எடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் வேறு எதற்கும் நாள் குறிப்பது வழக்கமில்லை.

"மழைநாளா பார்த்து வர்றேன்னு சொல்லு," என்றான் ரெனால்டு.

"ஆஸ்பத்திரி என்ன சலூன் கடையா?"

"நவம்பர்ல போறேன். ரெண்டு மாசம் பெல்ட்டு கட்டிக்கறேன்."

"நவம்பர்ல என்ன விலைன்னு யாருக்கும் தெரியாது. அறுவடைல சிக்கிக்கிச்சுன்னா அதுக்கு வேற வரி. அதையும் பார்த்துட்டேன். அது இதைப் போல நாலு மடங்கு, வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போற ஹெலிகாப்டர் தனி."

"ஆக, விலைக்காக என்னை வயலை விட்டு இறங்கச் சொல்றே."

"விலைக்காகவும்."

செப்டம்பர் பன்னிரண்டில் தோண்ட ஆரம்பித்தார்கள். விடியும்போது வயலில் வெண்பனி படிந்திருக்கும். அது உருகும்வரை காத்திருப்பார்கள். ஈரக்கிழங்கு அடிபட்டுவிடும். எட்டு மணிக்கு இயந்திரம் நகரும். கொரீன் அதன் மேல்தட்டில் நின்று, நகரும் பட்டையில் கிழங்கோடு வரும் கல்லையும் தழையையும் பொறுக்கி எறிவாள். கையுறைக்குள் விரல் விறைத்துப்போகும். இந்த மண்ணில் கல்லுக்குக் குறைவே இல்லை. ரெனால்டு டிராக்டரில் இருப்பான். ஒவ்வொரு மேட்டிலும் டிராக்டர் குலுங்கும்போது அவன் ஒரு கை ஸ்டியரிங்கை விட்டு இடுப்புக்குப் போவதை அவள் மேலேயிருந்து பார்ப்பாள். கல் ஒன்றிரண்டு கைதவறிப் போகும்.

லாரி ஓட்டும் கில்மன் வாசீன் முப்பது வருடமாக இவர்களோடு இருப்பவன். பத்து மணிக் காப்பிக்கு எல்லோரும் லாரி நிழலில் நின்றபோது அவன் ஆரம்பித்தான்.

"முதலாளி, உங்களை ரொக்கத்துக்கு அறுக்கப் போறாங்களாமே?"

"ஊருக்கே தெரிஞ்சிடுச்சா?"

"அடெலார் பொண்ணு வேலை பார்க்கற இடம். தெரியாம இருக்குமா? எவ்வளவாம்?"

"ஆறாயிரத்து எண்ணூத்தி அம்பது," என்றாள் கொரீன்.

கில்மன் விசிலடித்தான். "எனக்கு பித்தப்பை எடுத்தாங்களே, அப்போ வீட்டுக்குப் பதினோரு பில் வந்துது. பதினோராவது பில்லு யாருன்னே தெரியாத ஒரு டாக்டர். நான் தூங்கறப்போ எட்டிப் பார்த்தாராம்."

"நீ கேக்கல."

"மயக்கத்துல எப்படி அக்கா கேக்கறது?"

"அதுக்கு முன்னாடி."

"முன்னாடி வலி தாங்கல. பயத்துல எது சொன்னாலும் சரின்னேன்." கில்மன் மிச்சக் காப்பியைத் தரையில் ஊற்றினான். "ஒண்ணு சொல்றேன் அக்கா. விலை தெரிஞ்சா வலி குறையுதா?"

"தூக்கம் வரும்."

வரவில்லை. இருபத்தாறாம் தேதி இரவு வானிலைச் செய்தி வியாழக்கிழமை கடும் உறைபனி என்றது. இன்னும் முப்பத்தைந்து ஏக்கர் தரைக்குள் கிடந்தது. ரெனால்டு எழுந்து போய்ச் சன்னலில் நின்றான். அவளும் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நாளைக்கு வெயில்," என்றான். "நல்ல காய்ஞ்ச வெயில். வருஷத்துக்கு இப்படி நாலு நாள் கிடைச்சா பெரிசு."

"கில்மன் ஓட்டுவான்."

"கில்மன் மேட்டுல வேகமா எடுப்பான். கிழங்கு நசுங்கும்."

"நசுங்கட்டும். வந்து படு."

*

மருத்துவமனையில் ஆறு மணிக்கே பணத்தைக் கட்டினாள். ரசீதையும் மர்லீன் எழுதித் தந்த தாளையும் மடித்துக் கைப்பையின் உள்பையில் வைத்துக்கொண்டாள். செவிலி ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்தாள். ரெனால்டு கையெழுத்துப் போடும் பழக்கத்தில் கடைசிப் பக்கத்துக்குப் போனான். கொரீன் தாளைப் பிடுங்கி முதலிலிருந்து படித்தாள். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"'அறுவையின்போது தேவையெனக் கருதினால் மறுபக்கத்தையும் சரிசெய்ய' — இது என்ன?"

"எல்லாருக்கும் இருக்கற வரிதாங்க அது," என்றாள் செவிலி. "சில பேருக்கு ரெண்டு பக்கமும் இருக்கும். உள்ள போனாத்தான் தெரியும்."

"அதுக்கு என்ன விலை?"

"எனக்கு விலையெல்லாம் தெரியாதுங்க."

"அப்போ அடிச்சிடுங்க."

"அடிக்கணும்னா அவர்தான் அடிச்சுப் பக்கத்துல சுருக்கொப்பம் போடணும்."

ரெனால்டு மனைவியைப் பார்த்தான். மருத்துவமனை அங்கி அவனுக்குக் குட்டையாக இருந்தது. வெயில்பட்ட கழுத்துக்குக் கீழே உடம்பெல்லாம் வெளிறிக் கிடந்தது. "தேவைக்கேற்ப," என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கி அந்த வரியை இரண்டு முறை கோடு போட்டு அடித்தான்.

எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். காத்திருப்பு அறையின் சன்னலுக்கு வெளியே வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. தூரத்தில் யாரோ ஒருவருடைய வயலில் புழுதி எழுந்து நின்றது. கொரீன் உட்கார்ந்தாள், எழுந்தாள், காப்பி இயந்திரம்வரை போனாள், வாங்காமல் திரும்பினாள். எட்டு ஐம்பதுக்கு வரவேற்பு மேசைப் பெண் தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அறுவை மருத்துவர் அண்டர்வுட். ஒவ்வொரு செவ்வாயும் தெற்கேயிருந்து வரும் அம்மா. குரல் முகமூடிக்குள்ளிருந்து வந்தது.

"மிசஸ் லகாஸ், அவர் நல்லா இருக்கார். பயப்படாதீங்க. கேமரா உள்ள இருக்கு. வலப்பக்கம் நினைச்ச மாதிரிதான். ஆனா இடப்பக்கமும் ஒரு ஓட்டை இருக்கு. இப்போ சின்னதுதான், ஆனா அதுவும் ஒருநாள் வெளிய வரும். அதே துளை வழியாவே இப்போ சரிபண்ணிடலாம். படிவத்துல அந்த வரியை அடிச்சிருக்கீங்க. அதனாலதான் கேக்கறேன்."

"விலை எவ்வளவு ஆகும் டாக்டர்?"

"எனக்கு அது தெரியாதுங்க. என்கிட்ட அந்தக் கணக்கு இருக்கறதில்ல. எனக்கு இருபது நிமிஷ வேலை. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"மறுபடியும் இதே அளவு ஆகுமா? இல்ல பாதியா?"

"நிஜமாவே தெரியாது. நீங்க சொல்லுங்க, என்ன செய்யட்டும்?"

"ரெண்டு நிமிஷம் கொடுங்க."

"ரெண்டு நிமிஷம்னா சரி. அவர் மயக்கத்துல இருக்கார்."

கொரீன் தன் கைபேசியில் மர்லீனின் எண்ணை அழுத்தினாள். நாலு முறை மணி அடித்த பிறகு மர்லீனின் பதிவுசெய்த குரல் வந்தது: அறுவடை விடுப்பில் இருக்கிறேன், அக்டோபர் பதினொன்றாம் தேதி திரும்புவேன். பின்னணியில் குழந்தை ஒன்று சிணுங்கியது. மர்லீன் இந்த நேரத்தில் தன் அண்ணனின் இயந்திரத்தில் நின்று கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அந்த இரைச்சலில் கைபேசி கேட்காது. கொரீன் அதே தளத்தில் இருந்த கட்டண மேசைக்கு ஓடினாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன்.

"ஒரு விலை வேணும். இடப்பக்கக் குடலிறக்கம், வலப்பக்கத்தோட சேர்த்துப் பண்ணினா. இப்பவே."

"மதிப்பீடு போட மூணு வேலைநாள் ஆகுங்க. படிவம் தர்றேன்."

"உத்தேசமா சொல்லு தம்பி. ஆயிரமா? அஞ்சாயிரமா?"

"தப்பா சொன்னா என் வேலை போயிடுங்க."

அவள் திரும்பி ஓடி வந்தபோது தொலைபேசி வரவேற்பு மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அவள் எடுத்தாள். மூச்சு வாங்கியது. கைப்பைக்குள் அந்தத் தாள் இருப்பதைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு ஐயாயிரம் என்றால் டிசம்பரில் விதைக்கிழங்குக்கு முன்பணம் கிடையாது. ஐந்நூறு என்றால் யோசிக்கவே தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கே என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை.

"இன்னிக்கு விட்டா ஆபத்தா டாக்டர்?"

"இன்னிக்கு ஆபத்து இல்ல. கவனமா இருந்தா கொஞ்ச மாசம் தாங்கும்."

"அப்போ வலப்பக்கம் மட்டும்."

"சரி," என்றார் அண்டர்வுட். குரலில் எதுவும் இல்லை.

*

ரெனால்டு பதினொரு மணிக்குக் கண் விழித்தான். ஒரு மணிக்கு வண்டியில் ஏறினான். வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு, சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தான். இரண்டு மைல் போனபின் கேட்டான்.

"இன்னொண்ணு இருக்காமே. நர்ஸ் சொன்னா."

"ஆமா."

"உன்னைக் கேட்டாங்களாம்."

"கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"வேண்டாம்னேன். விலை தெரியல."

அவன் வெளியே பார்த்தான். இருபுறமும் வயல்களில் இயந்திரங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. வெயில் அவன் சொன்னபடியே காய்ந்த வெயில்.

"படுத்திருந்தவன் நான்," என்றான்.

"தெரியும்."

"வயிறு என்னுது."

"கோடு போட்டது நீ."

"நீ சொல்லிப் போட்டேன்."

"எழுப்பிக் கேட்டிருக்க முடியாதே ரெனால்டு! ரெண்டு நிமிஷம் கொடுத்தாங்க. ஒரு நாய்கூட விலை சொல்லல. தப்பா இருந்தா நீயே நாளைக்கு என்னைக் கேட்டிருப்பே, 2009ல நான் உன்னைக் கேட்ட மாதிரி."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான். "சிரிக்க வெக்காதடி. தையல் போகும். அதுக்கு வேற ஒரு வரி இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகாமல் முதலில் வயலோரம் வண்டியை நிறுத்தினாள், அவன்தான் கேட்டான். கில்மன் மேட்டில் வேகமாக எடுத்துக்கொண்டிருந்தான். ரெனால்டு கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, மெதுவாக, மெதுவாக என்று காற்றைத் தட்டினான். கில்மன் அதை வாழ்த்து என்று நினைத்துக் கையசைத்துவிட்டுப் போனான்.

முப்பத்தைந்து ஏக்கரில் இருபத்தெட்டு உறைபனிக்கு முன் வந்து சேர்ந்தது. கொரீன் கடைசிவரை பட்டையில் நின்றாள். ரெனால்டு சமையலறையில் உட்கார்ந்து வானொலியில் பனிச்செய்தி கேட்டான், எழுந்து நடந்தான், எதையும் தூக்கக் கூடாது என்று சொன்னதால் காப்பிக் கெண்டியைத் தூக்கலாமா என்று அவளைக் கைபேசியில் கூப்பிட்டுக் கேட்டான்.

அக்டோபர் பதினொன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு மர்லீன் தானே கூப்பிட்டாள். தவறவிட்ட அழைப்பைப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, அன்னிக்குக் கூப்பிட்டிருக்கீங்க. அண்ணன் வயல்ல நின்னேன், காதுல விழல, அப்புறம் அறுவடை வேலையில மறந்தே போச்சு. பில்லுல ஏதாவது தப்பா?"

"பில்லு சரியா இருக்கு. ஒரு காசு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இன்னொரு விஷயம் கேக்கணும்." கொரீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அன்னிக்கே, அதே மயக்கத்துல, இடப்பக்கத்தையும் சேர்த்துப் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. "டாக்டருக்கு ரெண்டாவது பக்கம் பாதிதான். ஐந்நூத்தி நாப்பது. இன்னொரு வலை முந்நூத்திப் பத்து. மயக்கம் கொஞ்ச நேரம் கூட, அறுபது. தொள்ளாயிரத்துப் பத்து அக்கா."

"அறை வாடகை?"

"அது ஒரு தடவைதான்."

"தனியா இன்னொரு நாள் வந்து பண்ணினா?"

"அது முழுசா முதல்லேருந்து அக்கா. புதுப் பட்டியல் விலை."

"சரிம்மா. அப்பாவைக் கேட்டேன்னு சொல்லு."

கொரீன் தொலைபேசியை வைத்துவிட்டுக் கிடங்குக்குப் போனாள். ரெனால்டு அங்கே கிழங்குக் குவியலின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் எண்ணைச் சொன்னாள். அவன் வெப்பமானியைக் குவியலிலிருந்து உருவித் துடைத்து, உறையில் போட்டான்.

"எப்போ நாள் கேட்கட்டும்?" என்றாள்.

"நடவுக்கு முன்னாடி," என்றான்.

2023 மார்ச் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, ரெனால்டு லகாஸுக்கு இடப்பக்கக் குடலிறக்கம் சரிசெய்யப்பட்டது. ரொக்க விலை ஏழாயிரத்து முந்நூற்றுப் பத்து டாலர். அன்று காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டரை மணிக்கு வீடு திரும்பினார்கள்.